ராகு காலத்தில் பிடுங்கப்பட்ட ஜிப் கோப்பு

பணி ஓய்வு பெற்றவர் எழுதும் கட்டுரைக்கு நரைத்த தலை ஒரு தகுதியாகக் கருதப்படுகிறது. அந்தத் தகுதி எனக்கில்லை. முப்பது வயதை நான் இன்னும் எட்டவில்லை. ஆனால் நான் பார்த்த வேலை ஓய்வு பெற்றுவிட்டது. வேலை போன பின்னும் வேலை பார்த்தவன் மட்டும் பணியில் இருக்கிறான் என்று வாதிட்டால், எந்த அணியில் நின்று பேசினாலும் எடுபடாது. ஆகவே நானும் ஓய்வு பெற்றவனே என்பதை அவை ஏற்றுக்கொண்டதாகக் கொண்டு மேலே செல்கிறேன்.

என் வேலை ஆய்வேடுகளை மூட்டை கட்டுவது. ஓர் ஆய்வேட்டின் அத்தியாயங்கள், வரைபடங்கள், நிழற்படங்கள் யாவற்றையும் அழுத்திச் சிறிதாக்கி ஒரே கோப்பாகக் கட்டினால் அது ஜிப் கோப்பு. அப்படிக் கட்டித் தந்தால்தான் இணையவழியில் பெற்றுக்கொள்வோம் என்று பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் சொன்னது. நாகமலை புதுக்கோட்டையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்மாடியில் இருந்த தட்டச்சு மையம் ஒன்றில், நானும் ஒரு நாற்காலி பெற்றேன். இப்போது அத்தியாயங்களைத் தனித்தனியே ஏற்றலாம் என்று விதி மாறிவிட்டது. விதியை மாற்றியவர்கள் என் நாற்காலியை எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

செய்தி அறிந்ததும், கல்லூரித் தமிழ் மன்றத்தில் எனக்குப் பின் மேடையேறிய இளவல்கள் இருவர் வந்தனர். "அண்ணே, மன்ற மலருக்கு உங்க வேல அனுபவத்த எழுதிக் குடுங்க" என்றனர். மகிழ்ந்தேன். வாசல் வரை போன ஒருவன் திரும்பி, "முடிவுரைய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கங்கண்ணே" என்றான். அந்த வேண்டுகோளுக்கு ஒரு வரலாறு உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் பெற்ற பயிற்சியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பட்டம் கணினி அறிவியலில். கல்வி ஒலிபெருக்கிக்கு முன்னால். எச்சரிக்கை மணிக்கும் இறுதி மணிக்கும் இடையே ஒரு நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்யக் கற்றிருந்தேன். வேலைக்கான நேர்காணலில் மைய உரிமையாளர் சௌந்தரபாண்டி, "என்னா தெரியும்?" என்று கேட்டார். அப்போது தொடங்கினேன். தேநீர் வந்தது; ஆறியது. இறுதியில் அவர், "போதும் தம்பி. வாரவுககிட்ட நீ பேசு. கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு வேல பாக்கும்" என்றார். என்னை நிரலாளராக நியமித்தது இவ்வாறுதான்.

கணினி அதன்பாட்டுக்கு வேலை பார்த்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பைத்தான் என்னும் கணினி மொழியில், ஜிப் கோப்புகளைக் கையாளுவதற்கென்றே ஆயத்தமான நிரல் நூலகம் ஒன்று இருக்கிறது. மூட்டையைத் திறக்க ஒரு வரி, உள்ளே இருப்பதைப் பட்டியலிட ஒரு வரி, புதிதாகக் கட்ட இரண்டு வரி, கட்டியது பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வரி. எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வாளர்களின் பழக்கங்களுக்குச் செலவாயிற்று. ஒருவர் தம் அத்தியாயங்கள் அனைத்துக்கும் ஒரே பெயரிட்டுத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்து அனுப்பினார். நான் வருவதற்கு முன் அதைத் திறந்தவர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்ட, ஒவ்வோர் அத்தியாயமும் முந்தியதன்மேல் விழுந்து அதை அழித்தது. கடைசி அத்தியாயம் மட்டுமே அச்சாகி, நெறியாளரிடம் போய், "செறிவாக உள்ளது" என்ற பாராட்டுடன் திரும்பி வந்ததாம். எனவே, பட்டியலைப் பார்க்காமல் எந்த மூட்டையையும் அவிழ்ப்பதில்லை என்பது என் முதல் விதி.

உரிமையாளரின் விதிகள் வேறு. சௌந்தரபாண்டி அண்ணன் கடிகாரம் கட்டியிருந்தது நேரம் பார்க்க அன்று. நேரத்தின் குணம் பார்க்க. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்ததும் ராகு காலத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். அந்த வட்டத்துக்குள் எங்கள் மையத்தில் எதுவும் தொடங்கப்படாது. மின்சாரம் தடைபட்டு ராகு காலத்தில் மீண்டு வந்தால், கணினிகளை இயக்காமல் காத்திருந்த நாட்கள் உண்டு. மேலும், ஒவ்வொரு ஜிப் மூட்டையிலும் முதலாவதாக, பிள்ளையார் சுழி மட்டும் கொண்ட சிறு கோப்பு ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. பல்கலைக்கழகம் அதைக் கேட்டதில்லை, ஆட்சேபித்ததும் இல்லை. என் நிரலில் அதற்கும் ஒரு வரி எழுதினேன்.

இன்னொரு சடங்கைச் சற்று விளக்க வேண்டும். ஆய்வாளர்கள் தேர்வாளரைக் கண்டுகூட அவ்வளவு அஞ்சுவதில்லை. தம் ஆய்வை எவரோ திருடிவிடுவார் என்றே அஞ்சுகிறார்கள். நெறியாளரே படித்திராத ஆய்வேட்டையும் திருடுவதற்கு ஒருவர் ஊரில் காத்திருக்கிறார் என்பது இத்துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே, மூட்டையைப் பென்டிரைவில் ஏற்றித் தந்ததும், எங்கள் கணினியில் உள்ள மூலத்தை ஆய்வாளரின் கண்முன்னே அழித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். வெறுமனே அழிப்பதன்று, மேலே மேலே எழுதி, எவராலும் மீட்க முடியாதபடி துடைத்துவிடும் மென்பொருள் கொண்டு அழிப்பது. அதையும் அண்ணன் ராகு காலத்தில்தான் செய்யச் சொல்வார்.

"ராகு காலத்துல செஞ்சது திரும்ப நடக்காது. அப்ப அழிக்கிறத எப்ப அழிக்கணும்? நீயே சொல்லு, பேச்சாளர்தான நீ" என்பார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்பதை ஒரு விவாதியாக நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வேலை குறைந்த ஒரு பிற்பகலில் அவர் என்னிடம், "இந்த ஜிப்பு எப்புடித்தான் வேல செய்யுது?" என்று கேட்டார். கேள்வி என்பது எனக்கு ஒலிபெருக்கி. எழுந்து நின்றேன்.

"நூலுக்குப் பொருளடக்கம் முன்னால், ஜிப் கோப்புக்கோ பின்னால்! கோப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து முடித்த பிறகே, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கடைசியில் எழுதப்படுகிறது. திறக்க வரும் நூலகமும் அந்த வாலைத்தான் முதலில் தேடும். வால் இல்லையேல், இது ஜிப் கோப்பே அன்று என்று கைவிரிக்கும். ஆகவே, முடிவே இதற்குத் தொடக்கம்; வாலே இதற்குத் தலை!"

எங்கள் தட்டச்சாளர் செல்வி அக்கா விசைப்பலகையிலிருந்து கையெடுக்காமல், "கை தட்டணுமா தம்பி, இல்ல இன்னும் இருக்கா?" என்றார். சௌந்தரபாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய் நாட்காட்டியைப் பார்த்தார். கேட்பவர் உள்ளத்தில் ஒரு கருத்து வேரூன்றிவிட்டதற்கு மௌனமே அடையாளம் என்று மேடையில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது உண்மைதான். எந்த மண்ணில் எது வேரூன்றும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆரோக்கியமேரி டீச்சர் நகரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் வரலாறு கற்பிப்பவர். பள்ளிக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தவர். மதுரைச் சமவெளிக் கண்மாய்களில் நீரைப் பங்கிட்ட முறை அவர் பொருள். ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் ஏறி இறங்கி, மடைகளைப் படமெடுத்து, கையால் எழுதிக் கொண்டுவருவார். செல்வி அக்கா தட்டச்சு செய்வார். டீச்சர் அருகில் அமர்ந்து திரையிலேயே திருத்துவார். திருத்தத்தின்மேல் திருத்தமாக அது வளர்ந்ததால், இறுதி வடிவம் எங்கள் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆய்வுக்கான கால நீட்டிப்புகளை எல்லாம் அவர் பெற்று முடித்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஏற்றாவிட்டால் பதிவு ரத்து. அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

காலை பத்து மணிக்குப் பின், செல்வி அக்காவின் கணினியில் இருந்த கோப்புகளை நேரே பென்டிரைவிலேயே கட்டும்படி என் கணினியில் நிரலை இயக்கினேன். மடைகளின் படங்கள் மிகுதி. டீச்சர் கொண்டுவந்த பென்டிரைவோ பழையது. மூட்டை மெல்ல மெல்ல ஏறியது. அதற்குள் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று கீழே இறங்கினேன். அழகர்கோவில் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பட்டிமன்ற அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். எந்த அணி என்று பேசி முடிக்கச் சற்று நேரமாயிற்று.

மேலே வந்தபோது என் திரையில் சிவப்பு எழுத்துகள். கணினியில் பென்டிரைவ் இல்லை. அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. செல்வி அக்காவின் கணினியில், 'முற்றிலும் துடைக்கப்பட்டது' என்னும் பொருள்பட ஒரு செய்தி ஒளிர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் நிம்மதியாகக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பென்டிரைவ எதுக்கு எடுத்தீக?"

"வெள்ளிக்கிழம தம்பி. பத்தரைக்கு ராகு காலம். நீதான சொன்ன, கடேசில எழுதுறதுதான் தலைன்னு? தலைய ராகு காலத்துலயா எழுதுறது? அதான் சரியாப் பத்தரைக்குப் பிடுங்கிட்டேன். முக்காவாசி ஏறிருச்சு. மிச்சத்தப் பன்னெண்டுக்கு மேல ஏத்திக்கிருவோம்."

"மிச்சத்த எதுலருந்து ஏத்துறது?"

"ஏன், செல்வி கம்ப்யூட்டர்லதான்..." என்று தொடங்கியவர் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். அதில் குற்றம் ஏதும் இல்லை. எழுதுவதை ராகு காலத்துக்கு முன்பே நிறுத்தியாயிற்று. அழிப்பதை ராகு காலத்திலேயே அழித்தாயிற்று. ஒவ்வொரு செயலும் அதற்குரிய நேரத்தில் பிசகாமல் நடந்திருந்தது. ஆய்வேடுதான் இல்லை.

செல்வி அக்கா மெதுவாகச் சொன்னார்: "நீ சரி பாத்துட்டுத்தான் கீழ போனன்னு அண்ணே சொன்னாரு தம்பி. ஏறி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு ராகு காலத்துலயே அழிச்சேன்."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. நான் ஆறுதல் கூற வாயெடுத்தேன். கையமர்த்தினார். வகுப்பறைகளில் பழகிய கை அது. "அஞ்சு மணிக்குள்ள கெடைக்குமா, கெடைக்காதா? அத மட்டும் சொல்லுங்க. பேச்சு வேணாம்."

பேச்சில்லாமல் பதில் சொல்ல எனக்குப் பயிற்சியில்லை. பென்டிரைவை வாங்கிச் செருகப் போனேன். அண்ணன் குறுக்கே வந்தார். "தம்பி, இன்னும் பன்னெண்டு ஆகல. இப்ப ஆரம்பிக்காத."

"சார்," என்றார் டீச்சர், "எனக்கு ராகு காலம் கெடையாது. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அண்ணன் தள்ளி நின்றார். அந்த மையத்தில் ராகு காலத்தில் ஒரு வேலை தொடங்கியதை அன்றுதான் கண்டேன்.

முதலில், அறுந்த கோப்பைத் தொடாமல் அதற்கு ஒரு படி எடுத்துக்கொண்டேன். நூலகத்தைக் கொண்டு அந்தப் படியைத் திறக்கச் சொன்னேன். 'இது ஜிப் கோப்பு அன்று' என்று ஒரே வரியில் மறுத்தது. நான் மேடைபோட்டுச் சொன்னதையே அது எனக்குத் திருப்பிச் சொல்லிற்று. வால் இல்லை, ஆகவே எதுவும் இல்லை.

ஆனால் எதுவும் இல்லை என்பது நூலகத்தின் வாதமே ஒழிய உண்மை அன்று. ஜிப் மூட்டைக்குள் வைக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் தலைமாட்டில் ஒரு சிறு குறிப்பு உண்டு: பி, கே என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள், அவற்றை அடுத்து மாறாத இரண்டு எண்கள், பின்பு அளவும் பெயரும். இறுதிப் பட்டியல் போனாலும் இந்தக் குறிப்புகள் வழியெங்கும் கிடக்கும். எனவே நூலகத்தை ஒதுக்கிவிட்டு, கோப்பை அதன் முதல் எழுத்திலிருந்து நானே படித்துப் போக ஒரு நிரல் எழுதினேன். குறிப்பு கிடைக்கும் இடத்தில் நின்று, அதன் கீழுள்ளதை விரித்து, தனிக் கோப்பாகச் சேமித்து, மறுபடி நடக்க வேண்டும். வாய்க்கால் வரப்பில் நடந்து மடை மடையாகப் பார்ப்பது போன்ற வேலை. படங்களின் நடுவே அந்தக் குறிப்பைப் போலவே எழுத்துகள் தற்செயலாய் அமைந்து ஏமாற்றின. பிழை, திருத்தம், மறுபடி பிழை. அண்ணன் யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் சாப்பாடு வாங்கி வந்தார். அதுவும் ராகு காலம் முடிந்த பிறகுதான்.

நிரல் ஒருவழியாக நடக்கத் தொடங்கியதும் முதலில் மீண்டு வந்தது ஒரே ஓர் எழுத்து: உ.

அண்ணன் இரு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியாடா! பிள்ளையாரு கைவிடல."

"என் ஆய்வேட்டுக்குள்ள பிள்ளையாரா?" என்றார் டீச்சர்.

"எல்லாருக்கும் பொதுத்தான் டீச்சர். வேதக்காரங்கன்னு நாங்க வேத்துமை பாக்குறதில்ல."

"சரி, மாதா பொறுத்துக்குவாங்க. அடுத்தது என்ன வருது?"

முன்னுரை வந்தது. முதல் அத்தியாயம் வந்தது. செல்வி அக்கா ஒவ்வொன்றையும் திறந்து, தாம் தட்டச்சு செய்தது தம் கையால் செய்தபடியே இருக்கிறதா என்று பார்த்துத் தலையசைத்தார். மடைகள் வந்தன, வரைபடங்கள் வந்தன. பிற்பகல் சாய்ந்தபோது, மூட்டையின் கடைசிக் கோப்புகளான முடிவுரையும் துணைநூற்பட்டியலும் மட்டுமே பாக்கி. பட்டியல் அறவே ஏறவில்லை. நல்லவேளையாக அதன் அச்சுப்படி ஒன்று டீச்சரின் பையில் இருந்தது. செல்வி அக்கா அதை வாங்கி மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

முடிவுரை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனின் கை பட்டிருக்கிறது. அது நடுவில் அறுந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேர்டு கோப்பு என்று நாம் அழைப்பதும் உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். மூட்டைக்குள் மூட்டை, இரண்டுக்கும் வால் இல்லை. ஆனால் வேர்டு மூட்டையில் எழுத்துப் பகுதி பெரும்பாலும் முன்னால் இருக்கும். படங்கள் பின்னால் வரும். எனவே அதே நிரலை உள் மூட்டையின்மேலும் நடக்கவிட்டேன். அறுந்த இடம் வரை விரித்துக் கொடுத்தது. திரையில் டீச்சரின் முடிவுரை தோன்றியது. இரண்டாம் பக்கத்தில் இப்படி நின்றது:

'கடைமடைக்குத் தண்ணீர் வந்த ஆண்டுகளில் ஊரில் வழக்கு எழவில்லை. எனவே இதனால் அறியப்படுவது யாதெனில்'

அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

நான்கு மணி ஆகியிருந்தது. இந்த இடம் எனக்காகவே ஒதுக்கப்பட்டது என்று தோன்றியது. முடிவுரை இல்லாமல் தவிப்பவர் ஒருவர். முடிவுரைகளுக்கென்றே பரிசு பெற்றவன் ஒருவன். "டீச்சர், நான் சொல்லச் சொல்ல அக்கா அடிக்கட்டும்" என்று எழுந்து நின்றேன். "வருங்காலத் தலைமுறையே! வானம் பொய்த்தாலும் பொய்க்காத மாண்பு எம் கண்மாய்களுக்கு உண்டு. அந்த மாண்பினை..."

"தம்பி," என்றார் டீச்சர். "இது கம்மாய். கைதட்டுனா கரை ஒடஞ்சிரும்."

செல்வி அக்கா அத்தனை மணி நேரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். நான் அமர்ந்தேன்.

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல பதினஞ்சு பக்கம் எழுதிருந்தேன். என்ன எழுதுனேன்னு யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது." விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, "எழுதுன எனக்கே ஞாபகம் இல்லாதது எக்ஸாமினருக்கு எதுக்கு?" என்றார். 'எனவே இதனால் அறியப்படுவது யாதெனில்' என்பதைத் தம் கையாலேயே அழித்தார். கடைமடையில் முற்றுப்புள்ளி நின்றது. "கட்டுங்க" என்றார்.

மூட்டை கட்டத் தொடங்கினேன். அண்ணன் நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்து, "நாலரை வரைக்கும் எமகண்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே!" என்றார் செல்வி அக்கா. அந்த மையத்தில் அவர் உரிமையாளரை நோக்கிக் குரல் உயர்த்தியதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அண்ணன் வெளியே போய் மாடிப்படியில் நின்றுகொண்டார்.

எமகண்டத்தில் கட்டப்பட்ட அந்த மூட்டைக்கு வால் இருந்தது. சோதித்துப் பார்த்தேன், பழுதில்லை. ஐந்து மணிக்குச் சற்று முன் பல்கலைக்கழக இணையதளம் அதைப் பெற்றுக்கொண்டது. டீச்சர் பென்டிரைவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "மூலத்த இப்ப அழிக்க வேணாம். திருட வாரவுக வந்து திருடிட்டுப் போகட்டும்" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். கடைசி வரிசையில் அமர்ந்தோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதியவர். நிறைய ஆய்வேடுகளைச் சகித்த முகம். கேள்விகள் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்னு சொல்லணும்மா. முடிவுரைன்னு பேர் போட்டு முன்னால சொன்னதையே மறுபடி சொல்றதுதான் வழக்கம். நானும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகிட்டேன். உங்க முடிவுரைதான் நிறுத்த வேண்டிய எடத்துல நிக்குது. இந்த எடத்துல நிறுத்தணும்னு எப்படி முடிவு பண்ணுனீங்க?"

டீச்சர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாதவர். "அது எங்க சென்டர் சார் எடுத்த முடிவுங்கய்யா" என்றார்.

அவை முழுவதும் திரும்பியது. சௌந்தரபாண்டி அண்ணன் எழுந்து கைகூப்பினார். என் மேடை வாழ்வில் அப்படியொரு கைதட்டலை நான் பெற்றதில்லை.

மறுவாரமே மையத்தின் பலகையில், தட்டச்சு, படி எடுத்தல், உறையிடல் என்பவற்றின் கீழே, 'முடிவுரை அளவாகச் சுருக்கித் தரப்படும்' என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்கும் கூட்டம் வந்தது. சோதித்த மூட்டை ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேரும்வரை மூலத்தை அழிக்கக் கூடாது என்று நான் ஒரு விதி கொண்டுவந்தேன். அண்ணன் ஏற்றுக்கொண்டார், ராகு காலம் அல்லாத ஒரு நேரத்தில். ஜிப் தேவையில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்த நாளில் அவரே எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "நீ பேசுனது பூராம் வீண் போகல தம்பி. ஒன்னு எனக்குப் புரிஞ்சுச்சுல்ல?" என்றார். மறுத்துப் பேச எனக்குச் சான்று கிடைக்கவில்லை.

இக்கட்டுரைக்கு ஓர் எழுச்சிமிக்க முடிவுரையும் எழுதி வைத்திருந்தேன். தொழில்நுட்பத்தையும் மானுடத்தையும் இணைத்து, ஏறத்தாழ மூன்று பக்கம். மலருக்கு அனுப்புமுன் முனைவர் ஆரோக்கியமேரி டீச்சரின் பள்ளிக்குச் சென்று, அங்கிருந்த கணினியில் என் பென்டிரைவைச் செருகிப் படித்துக் காட்டினேன். முதல் பத்தி முடியும் முன்பே கைநீட்டி, கணினியைக் காட்டினார்.

"பென்டிரைவ எடுங்க தம்பி."